காளை, பசு, எருது: விலங்கின் பாலைச் சொல்லும் சொற்கள்

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 429-ஆம் பிரிவு, பிறருடைய கால்நடையைக் கொல்பவருக்கும் ஊனப்படுத்துபவருக்கும் உரிய தண்டனையைச் சொல்லியது. அதிலுள்ள பட்டியல் சுவையானது: யானை, ஒட்டகம், குதிரை, கோவேறு கழுதை, எருமை, காளை, பசு, எருது. யானை களிறா பிடியா என்று சட்டம் கேட்கவில்லை. குதிரைக்கும் எருமைக்கும் ஒவ்வொரு சொல்லே போதுமாக இருந்தது. மாடு வந்ததும் புல், கௌ, ஆக்ஸ் என்று மூன்று சொற்கள் தேவைப்பட்டன.

காரணம் எளிது. ‘ஒரு மாடு’ என்று பால் காட்டாமல் சொல்ல அன்றாட ஆங்கிலத்தில் சரியான ஒருமைச் சொல் கிடையாது. ‘கேட்டில்’ என்பது மந்தைக்கு ஆகும், தனி மாட்டுக்கு ஆகாது. தமிழ்க் குழந்தை ‘மாடு வருது’ என்று கவலையில்லாமல் சொல்லிவிடும். ஆங்கிலேயர் முதலில் மடியைப் பார்க்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் ‘கௌ’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பேச்சில் பலரும் செய்வது இரண்டாவதைத்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ‘எந்த விலங்கையும்’ என்று சுருக்கமாக முடித்து, பழைய பட்டியலை விட்டுவிட்டது.

புனேயில் இந்தப் பொருளைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள தமிழர், விலங்கின் பாலை மூன்று வகையாகக் கையாளும் மூன்று மொழிகளோடு நாள்தோறும் புழங்குகிறார்கள்: வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், மண்டியில் மராத்தி.

முதலில் ஆங்கிலம். ஆய்வேட்டிலும் மருத்துவர் சீட்டிலும் ‘மேல்’, ‘ஃபீமேல்’ என்ற இரண்டு சொற்கள் எல்லா உயிருக்கும் பொருந்தும். பேச்சு மொழியோ மனிதரின் செல்லப் பெயர்களை எடுத்து விலங்குக்குச் சூட்டியிருக்கிறது. ஆண் பூனை டாம், கிடா பில்லி, பெண் ஆடு நானி, ஆண் கழுதை ஜாக், பெண் கழுதை ஜென்னி. நம்மூரில் கிடாவை ‘முனியன்’ என்றும் பெண் கழுதையை ‘காமாட்சி’ என்றும் அகராதியில் ஏற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது அவர்கள் வழக்கு. நாய் வளர்ப்பவரின் பதிவேட்டில் ‘பிட்ச்’ முறையான தொழிற்சொல். பதிவேட்டுக்கு வெளியே அது வசை. சேவலுக்கு இருந்த பழைய சொல்லுக்கு ஆபாசப் பொருள் ஏறிவிட்டதால் அமெரிக்கர் ‘ரூஸ்டர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அடைவது என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. பெட்டைக் கோழியும்தான் கூட்டில் அடைகிறது. நாணத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

காயடித்த விலங்குக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்கள் வியப்பூட்டுபவை. குதிரை கெல்டிங், செம்மறி வெதர், இறைச்சிக்கு வளரும் மாடு ஸ்டீர், பன்றி பேரோ, சேவல் கேப்பான். ஒவ்வொன்றும் தனிச் சந்தை, தனி விலை. புனே குதிரைப் பந்தயத் திடலில் மழைக்காலப் பருவம் தொடங்கும்போது விற்கும் பந்தயப் புத்தகத்தைப் புரட்டினால் கோல்ட், ஃபில்லி, கெல்டிங், மேர் என்ற பிரிவுகளைப் பார்க்கலாம். இவை வயதையும் பாலையும் ஒருசேரச் சொல்பவை. பணம் கட்டுபவருக்கு இது இலக்கணப் பாடம் ஆகாது; பெண் குதிரைக்குச் சுமை எடையில் சலுகை உண்டு என்பதால் கணக்குப் பாடம். இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் கெல்டிங் ஓடவே முடியாது.

மராத்திக்கு வருவோம். பைல் ஆலா, காய் ஆலீ, வாஸ்ரூ ஆலே: எருது வந்தான், பசு வந்தாள், கன்று வந்தது என்பதுபோல வினையும் பாலுக்கேற்ப மாறும். தமிழில் அரசனின் பட்டத்து யானையானாலும் ‘வந்தது’தான். புனேக்கு வந்த புதிதில் தமிழர் தடுமாறுவது இங்கேதான். கண்ணுக்குப் பால் தெரியாத உயிர்களுக்கும் மராத்தி பால் வைத்திருக்கிறது: கொசு ஆண், ஈ பெண், ஆந்தை அலி. பூனைக்குப் பொதுச் சொல்லான ‘மாஞ்சர்’ அலிப்பால்; கடுவன் பூனை என்றால் ‘போகா’. மாட்டில் வளூ பொலிகாளை, கொர்ஹா காளைக்கன்று, காலவட் கிடாரி. எருமையில் ரேடா கடா, வகார் எருமைக் கிடாரி. ஊருக்கென விடப்பட்ட காளை ஒன்றைப் பிடிக்க வரும் வனத்துறை அதிகாரியின் கதையை உமேஷ் குல்கர்ணி 2008-இல் ‘வளூ’ என்ற பெயரிலேயே படமாக்கினார். தமிழ்நாட்டுக் கோயில் காளையை அறிந்தவருக்கு அந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

இந்தச் சொற்கள் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் 1976-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் பசுவதையைத் தடுத்தது. 1995-இல் நிறைவேறி, 2015-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தம் காளையையும் எருதையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. பசு என்ற சொல்லுக்குள் அவை அடங்காது என்பதால்தான் தனியே எழுத வேண்டி வந்தது. எருமை அந்தத் தடைக்கு வெளியே நின்றது. மத்திய அரசு 2011 ஜூலை 11 அன்று, காட்சிக்கும் வித்தைக்கும் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு ‘புல்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தது. அந்த ஒரு சொல் அலங்காநல்லூர் வாடிவாசலையும் புனே மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயத் தடத்தையும் ஒரே வழக்கில் கட்டிப்போட்டது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு, மாட்டுவண்டிப் பந்தயம் இரண்டையும் தடைசெய்தது. மாநிலங்கள் 2017-இல் சட்டம் திருத்தின. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று அந்தத் திருத்தங்களை ஏற்றுக்கொண்டது.

தமிழில் இந்தப் பொருளுக்குத் தனி இயலே உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர் ஒன்பது, ஆண்பாற் பெயர் பதினைந்து, பெண்பாற் பெயர் பதின்மூன்று என்று எண்ணிச் சொல்லி, எது எதற்கு உரியது என்றும் வகுக்கிறது. களிறு யானைக்கு மட்டுமல்ல, பன்றிக்கும் ஆகும். சிறகுள்ள எல்லா ஆணும் சேவல். மயிலுக்கு மட்டும் விலக்கு. கடலில் வாழும் ஆண் சுறா ஏறு. ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர்கள். நாயின் பெண்ணும் பன்றியின் பெண்ணும் ‘பாட்டி’! வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்வோர் சற்றுத் தள்ளி நின்று சொல்லலாம்.

ஆட்டுக்கு இத்தனை பெயர் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மேய்த்தவன் பிரித்துப் பார்த்தான், பிரித்துப் பார்த்ததற்குப் பெயர் வைத்தான். மரபியல் ஆசிரியர் புதிதாக எதையும் புனையவில்லை. தொழுவத்திலும் காட்டிலும் கேட்டதைத் தொகுத்திருக்கிறார் என்றே கருதத் தோன்றுகிறது.

அந்தப் பட்டியலில் உயிரோடிருப்பவை எவை? சேவல் பேச்சிலும் வாழ்கிறது; மந்தி, பிடி, களிறு ஆகியவை ஏட்டுத் தமிழில் உள்ளன. குரங்கின் ஆணாக இருந்த கடுவன் இன்று பூனைக்கு வந்துவிட்டது. பெட்டையின் பயணம் இன்னும் விசித்திரமானது. கோழியின் முன் வைத்தால் சாதாரணச் சொல். ‘பொட்டை’ என்று திரிந்து தமிழ்நாட்டுத் தெருவில் வசையானது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ ‘பெட்டை’ வெறுமனே இளம்பெண். ஆங்கிலத்து ‘பிட்ச்’ நடந்த பாதையில்தான் தமிழ்நாட்டுச் சொல்லும் நடந்திருக்கிறது. பெண் விலங்கின் பெயர் ஏசுவதற்கும், காளை, சிங்கம், களிறு போன்றவை புகழ்வதற்கும் பயன்படுவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

விலங்கை அஃறிணையில் நிறுத்தும் வழக்கத்தை எதிர்த்து ஆங்கில அறிவியலிலும் ஒரு சண்டை நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் விலங்கியலாளர் ஜேன் குடால், சிம்பன்சிகளை ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதிய தம் முதல் ஆய்வுக் கட்டுரை, எல்லாம் ‘அது’ என்று திருத்தப்பட்டுத் திரும்பியதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பால்சொற்களையே மீண்டும் எழுதி அனுப்பினார்.

தொழுவத்தில் இன்றைய நிலை வேறு. மணிபாய் தேசாய் 1967-இல் தொடங்கிய பைஃப் நிறுவனம் புனேயை அடுத்த உருளி காஞ்சனில் உறைவிந்து கொண்டு கலப்பினப் பசுக்களைப் பெருக்கியது. சினை ஊசி வந்த ஊரில் பொலிகாளைக்கு வேலை குறைந்தது. டிராக்டர் எருதின் வேலையை எடுத்துக்கொண்டது. இப்போது பால்பிரித்த விந்தும் வந்துவிட்டது. பெண் கன்றைத் தரும் விந்தணுவில் மரபுப்பொருள் சுமார் 4 விழுக்காடு கூடுதல் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். பத்தில் ஒன்பது கன்றுகள் கிடாரியாகப் பிறக்கின்றன. 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் 19.25 கோடி மாடுகளில் பெண் 14.51 கோடி. ஏழாண்டுகளில் பெண் மாடு 18 விழுக்காடு கூடியது, ஆண் மாடு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. காளைக்கன்று, பொலிகாளை, எருது, வளூ, கொர்ஹா என்ற சொற்களைத் தேவையோடு சொல்பவர்களும் அதே வேகத்தில் குறைகிறார்கள்.

புனேத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஊரில் மாடு கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் அவர்களிடம் ஆடு, மாடு, கோழி, நாய், பூனை ஆகியவற்றுக்கு ஆண், பெண், குட்டி, காயடித்தது என்று தனித்தனியே பெயர் கேட்டு, மாவட்டப் பெயரோடு எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு மராத்திப் பெரியவரிடம் கேட்டு மராத்திச் சொல்லையும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.