சாய்வு வீதியில் நேர்ந்த சேதம்

மாத்தளை மாவட்டத்து யட்டவத்த போன்ற மலைசார்ந்த பகுதிகளிலே வீதிகள் நெடுந்தூரம் நேராக ஓடுவதில்லை. ஏறுவதும் இறங்குவதும் வளைவதுமாகவே அவை செல்கின்றன. அத்தகைய வீதியொன்றில், ஏற்றத்தில் சென்றுகொண்டிருந்த ஒரு லொறி திடீரெனப் பின்னோக்கி உருண்டதாக வைத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த வேனில் அது மோதுகிறது. மோதிய வேகத்தில் வேன் தள்ளுண்டு, தனக்குப் பின்னால் நின்ற வாடகைக் காரின்மீது விழுகிறது. நல்ல காலமாக ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் காரின் முகப்பு நொறுங்கிவிட்டது. அந்தக் காரோ அதன் சொந்தக்காரருடைய குடும்பத்துக்குச் சோறு போடும் கார். அதைத் திருத்தப் பணம் வேண்டும். திருத்தி முடியும்வரை உழைப்பும் இல்லை.

கார்ச் சொந்தக்காரர் வேன் சாரதியிடம் நட்டஈடு கேட்கிறார். தமது காரில் மோதியது வேன்தானே என்பது அவர் வாதம். வேன் சாரதி லொறியைச் சுட்டிக் காட்டுகிறார். லொறிச் சாரதியோ, "பிரேக் பிடிக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்வேன்?" என்கிறார். கூடி நின்றவர்கள், பெரிய வண்டிக்காரன்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள். இவற்றுள் எது சட்டத்துக்கு ஒத்த வார்த்தை?

வியப்புக்குரிய செய்தி என்னவெனில், ஏறக்குறைய இதே வழக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராயப்பட்டிருக்கிறது. உரோமாபுரியிலே கப்பித்தோலியக் குன்றின் சாய்வில், கோவேறு கழுதைகள் பூட்டிய இரண்டு பாரவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. முன்வண்டியைச் சில ஆட்கள் பின்னின்று தாங்கித் தள்ளினர். அந்த வண்டி பின்வாங்கத் தொடங்கியது. இடையில் நின்றவர்கள் விலகிக்கொண்டனர். அது பின்வண்டியை மோதித் தள்ள, பின்வண்டி உருண்டு ஓர் அடிமைச் சிறுவனை நசுக்கிவிட்டது. யார்மீது வழக்குத் தொடுப்பது என்று சிறுவனின் உடைமையாளன் கேட்டான். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஃபேனஸ் என்னும் சட்ட அறிஞர் அதற்கு விடை கூறினார். கி.பி. 533இல் சஸ்தீனியன் பேரரசன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் அவ்விடை இடம்பெற்றுள்ளது.

விபத்தின் காரணத்தைப் பொறுத்தே பொறுப்பு அமையும் என்பது அவ்விடையின் சாரம். தாங்கி நின்ற ஆட்கள் தாமாகவே கைவிட்டிருந்தால் பொறுப்பு அவர்களுடையது. கழுதைகள் மிரண்டமையால் ஆட்கள் உயிருக்கு அஞ்சி விலகினார்கள் என்றால், முன்வண்டிக் கழுதைகளின் சொந்தக்காரனே பொறுப்பாளி. கழுதைகள் பாரத்தைத் தாங்கமாட்டாமல் சறுக்கி விழ, ஆட்களாலும் தாங்க இயலாமற் போயிருந்தால், ஒருவர்மீதும் வழக்கில்லை. ஆனால் எது எவ்வாறாயினும் பின்வண்டியின் கழுதைகளுக்குச் சொந்தக்காரன்மீது வழக்கே கிடையாது. அவை தாமாகப் பின்வாங்கவில்லை, மோதப்பட்டே பின்வாங்கின.

நமது வேன் சாரதியின் நிலையும் அதுவே. காரில் மோதியது வேன் என்பது உண்மை. ஆயினும் வேன் உரிய இடைவெளி விட்டு ஒழுங்காக வந்து, லொறியின் தாக்குதலாலேயே தள்ளப்பட்டிருந்தால், அதன் சாரதி குற்றவாளி ஆகார். மோதியவர் வேறு; மோதலுக்குக் காரணமானவர் வேறு. இந்த வேறுபாட்டை உணராமையாலேயே வீதியோரச் சச்சரவுகள் பல தவறான ஆளின்மேல் முடிகின்றன.

உரோமரின் சட்டம் யட்டவத்தைக்கு எங்ஙனம் வந்தது? ஒல்லாந்தர் தமது நாட்டில் வழங்கிய உரோம டச்சுச் சட்டத்தை இலங்கையின் கரையோரங்களுக்குக் கொணர்ந்தனர். 1796இல் அவர்களிடமிருந்து அப்பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அச்சட்டம் தொடர இடமளித்தனர். மாத்தளையோ 1815வரை கண்டி அரசைச் சார்ந்தது. ஒல்லாந்தரின் சட்டம் அங்கே ஆளவில்லை. பின்னர், 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டிச் சட்டம் வாய் திறவாத விடயங்களில் கரையோர மாகாணங்களின் சட்டத்தைப் பின்பற்றுமாறு விதித்தது. மோட்டார் வண்டியைக் கண்டிராத கண்டிச் சட்டம் இவ்விடயத்தில் வாய் திறப்பது எங்ஙனம்? ஆகவே மலைநாட்டு விபத்துக்கும் உரோமரின் அக்கிலியச் சட்டமே அடிப்படையாயிற்று.

அச்சட்டத்தின்படி நட்டஈடு கோருபவர் மூன்றை நிறுவ வேண்டும். மற்றவர் கவனயீனமாக நடந்தார் என்பது ஒன்று. அக்கவனயீனமே சேதத்துக்குக் காரணம் என்பது இரண்டு. சேதத்தின் பணமதிப்பு இவ்வளவு என்பது மூன்று. லொறியின் பிரேக் பிடிக்காமற் போனது மட்டும் சாரதியைக் காப்பாற்றிவிடாது. காலத்துக்குக் காலம் அது சோதிக்கப்பட்டதா, அளவுக்கு மீறிய பாரம் ஏற்றப்பட்டதா என்னும் கேள்விகள் எழும். லொறிச் சாரதி சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவராய், முதலாளியின் வேலையாகவே வண்டி ஓட்டியிருந்தால், முதலாளியும் பொறுப்பாளி ஆவார்.

கார்க்காரரிடமும் சிறிது பிழை இருந்தால் என்ன ஆகும்? வளைவிலே, நிறுத்தக் கூடாத இடத்தில் அவர் காரை நிறுத்தியிருந்தார் என்று கொள்ளலாம். முற்காலத்தில் இது கடுமையான கேள்வி. தன் பக்கத்திலும் பிழையுள்ளவன் ஒரு சதமும் பெறமாட்டான் என்பதே ஆங்கிலேயரின் பழைய விதி. அதன் கொடுமையைத் தணிக்க அவர்களுடைய நீதிமன்றங்கள் வழி தேடின. 1842இல் ஒரு வழக்கு வந்தது. ஒருவன் தன் கழுதையின் முன்கால்களைப் பிணைத்து வீதியில் விட்டிருந்தான்; விரைந்து வந்த குதிரை வண்டி அதன்மீது ஏறிவிட்டது. கழுதையை அவ்வாறு விட்டது பிழையே ஆயினும், வண்டிக்காரன் நிதானமாக வந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று கூறி, நட்டஈடு அளிக்கப்பட்டது. இறுதி வாய்ப்பு எவருக்கு இருந்தது என்று பார்க்கும் இம்முறை இலங்கையிலும் இடம்பெற்றது. எனினும் முழுவதும் ஒருவர் தலையிலேயே சுமத்தும் குறை அதிலும் இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இக்குறையை நீக்கிப் பொறுப்பைப் பங்கிட வழி செய்தது. சேதம் 1,00,000 ரூபாய் என்றும், கார்க்காரரின் பிழை 100இல் 30 பங்கு என்றும் நீதிமன்றம் கண்டால், அவருக்குக் கிடைப்பது 70,000 ரூபாய். தம் பிழைக்குரிய பங்கை மட்டுமே அவர் இழப்பார்.

காப்புறுதி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோர் பலர். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் காப்புறுதி, பிறருடைய உயிருக்கும் உடலுக்கும் நேரும் கேட்டையே முதன்மையாகக் கருதியது. பிறரது வாகனச் சேதத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அவரவர் காப்புறுதிப் பத்திரத்தைப் படித்தே அறிய வேண்டும். மேலும், காப்புறுதிக் கம்பனி பணம் தர மறுத்துவிட்டது என்பதனால் வழக்குத் தோற்றுவிட்டது என்று பொருளல்ல. பிழை யாருடையது என்று முடிவாகக் கூறுவது நீதிமன்றமே.

எனினும் எல்லாச் சச்சரவும் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் அமைக்கப்பட்டன. குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இரு தரத்தாரையும் அமர்த்திப் பேசி இணங்க வைப்பதே சபையின் பணி. இணக்கம் ஏற்படாவிடின் அதற்குரிய சான்றிதழைப் பெற்று வழக்குத் தொடரலாம். ஆனால் காலம் காத்திராது. இத்தகைய சேதங்களுக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். "இன்று தருகிறேன், நாளை தருகிறேன்" என்னும் வாய்மொழியை நம்பி அந்தக் காலத்தைக் கடத்திவிட்டவர், பின்னர் எத்துணை நியாயம் பேசினும் பயனில்லை.

ஆகவே, கார்க்காரர் முதலில் செய்ய வேண்டியது சண்டையல்ல. போக்குவரத்துக்கு இடையூறு மிகாதபடி, வண்டிகளை அகற்றுமுன் அவை நின்ற நிலையைக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொள்ளலாம். டயர்ச் சுவடு, வீதியின் சாய்வு, உடைந்த பாகங்கள் கிடக்கும் இடம் ஆகியன படத்தில் விழ வேண்டும். சாரதிகளின் பெயர், முகவரி, வாகன இலக்கம், காப்புறுதி விபரம், கண்டவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிய வேண்டும். திருத்த வேலைக்கான மதிப்பீட்டையும் பற்றுச்சீட்டுகளையும், கார் ஓடாத நாட்களில் இழந்த வருமானத்துக்கான கணக்கையும் பேண வேண்டும். முழுச் சேதத்தையும் அறியுமுன் சிறு தொகையைப் பெற்று, இனி உரிமை கோரேன் என்று கையெழுத்திடுதல் ஆகாது.

உரத்துப் பேசுபவர் பக்கம் கூட்டம் சாயலாம். பெரிய வண்டியைக் கண்டு சிலர் பணியலாம். சிலர் அதன்மீதே பழியும் சுமத்தலாம். சட்டம் வண்டியின் பருமனைப் பார்ப்பதில்லை. எது எதனால் நேர்ந்தது என்றே வினவுகிறது. அவ்வினாவுக்குச் சான்றோடு விடையளிக்கக் கூடியவருக்கே, நொறுங்கிய காரைத் திருத்தும் பணம் கைக்கு வந்து சேரும்.