மேப்பிள் இலையும் ரசத்து உப்பும்

டொராண்டோவில் இருக்கிற என் சிநேகிதி, அக்டோபர் பிறந்தால் போதும், மேப்பிள் இலையைப் படம் பிடித்து அனுப்பிவிடுவாள். கூடவே வீட்டுச் சேதியும் வரும்: பையனுக்குச் சளி, பஸ் தாமதம், ரசத்தில் உப்பு கூடிப்போச்சு. இந்தத் தடவை இலை மட்டும் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. போன் போட்டேன்.

"வேலை போயிடுச்சுடி."

என்ன சொல்வதென்று தெரியாமல் இலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பகல் குறைந்து குளிர் ஏறினால் இலையில் பச்சையம் குறைந்துகொண்டே போகும். அப்போது தெரிகிற மஞ்சள், கரோட்டினாய்டு. கோடை முழுக்க உள்ளேயே இருந்ததுதான், பச்சை மறைத்திருந்தது. சிவப்பு அப்படியில்லை. அது ஆந்தோசயனின். இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு பெரும்பாலும் அந்த நாட்களில்தான் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர், இரண்டும் வாய்த்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். காம்படியில் ஒரு மெல்லிய அடுக்கு வளர்ந்து பிடி தளர்ந்ததும் இலை உதிரும்.

"வேலை போச்சுங்கிறேன், நீ பாடம் எடுக்கிறியா?" சிரித்துவிட்டாள். பிறகு ஒரு மணி நேரம் பேசினோம்.

நேற்று மொட்டை மரம் ஒன்றின் படம் வந்தது. கீழே ஒரு வரி: "இன்னிக்கு ரசத்துல உப்பே போடலை."