பூங்காவும் நமது பங்கும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் விளங்கவேண்டிய மேடையில் பூங்காவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். விழா முடிந்தபின் நம் குழந்தைகள் ஓடியாடுவது எங்கே? காலனியின் நடுவே புல் கருகி, வேலி சாய்ந்து கிடக்கும் பொட்டலிலேதான். ஆகவே பேசுவது பொருத்தமே.

தில்லி மாநகரில் 15,000-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. அத்தனைக்கும் தோட்டக்காரர் அமர்த்துவது கார்ப்பரேஷனுக்கு எளிதன்று. அதனால், பூங்காவைப் பேணும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மான்யம் அளிக்கும் முறை இங்கு ஏற்பட்டது. பெரும்பகுதி சர்க்காருடையது, சிறுபகுதி சங்கம் திரட்டவேண்டுவது. இது நமக்குப் புதிதன்று. தமிழகத்தில் 1997-இல் தோன்றிய 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. ரூ.90,000 வேலைக்கு ஊரார் ரூ.30,000 சேர்த்தாக வேண்டும்.

பங்கு என்றால் பணம் ஒன்றே என்று கொள்ளவேண்டா. அமெரிக்காவிலே சியாட்டில் நகரம் 1988-இல் அமைத்த இத்தகைய நிதியில், ஒருவர் மண்வெட்டி பிடித்த நேரத்தையும் பங்காகக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் நம்மவர்க்கு இது மிகவும் ஏற்ற கணக்கு.

முதலில் அறியவேண்டுவது, நிலம் யாருடையது என்பது. கார்ப்பரேஷனுடையதா, 1957-இல் அமைந்த தில்லி அபிவிருத்தி அதாரிட்டியுடையதா, ரயில்வேயுடையதா? மனுவை வேறு ஆபீசில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. அடுத்து, 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் பதிவாகியிருத்தல் வேண்டும். அதற்கு 7 பேர் போதும். வரவு செலவுக்குத் தனிப் புத்தகமும், ஒவ்வொரு காசுக்கும் ரசீதும் வேண்டும். (குமாஸ்தாக்கள் நிறைந்த காலனியில் இதற்கா பஞ்சம்!) மரக்கன்றுகளைப் பருவமழை தொடங்கும் ஜூலையில் நடவேண்டும். வேம்பும் புங்கமும் இவ்வூர் வெயிலைத் தாங்கும். ஆயினும் முதல் இரண்டு கோடைகளில் எவரேனும் நீர் வார்த்தேயாக வேண்டும். மான்யம் கிடைப்பதினும் அரிது இந்த நீர் வார்ப்பவர் கிடைப்பது.

இனி, நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேறொரு காலனியில் பங்குப் பணம் திரட்டிப் பூங்காவை அழகாகவே அமைத்தார்கள். பிறகு வாயிலில் பூட்டுத் தொங்கிற்று. சாவி பணம் கொடுத்த வீடுகளில் மட்டும் இருந்தது. துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவருடைய பிள்ளைகளும், வீட்டு வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நின்று ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மான்யத்தில் சேர்ந்தது அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் சோப்புக்குச் செலுத்திய வரியுந்தானே! பிழைப்பைத் தேடி மொழி தெரியாத ஊருக்கு வந்த நாம், வாயிலில் நிற்பது எத்தகையதென்று அறியாதவர்கள் அல்லர். ஆதலின், பூட்டு வேண்டும் என்ற யோசனையை நாம் ஏற்பதற்கில்லை. மனுவிலேயே 'அனைவர்க்கும் திறந்திருக்கும்' என்ற வரியைச் சேர்ப்போம். இரவுக் காவலுக்கு வேறு ஏற்பாடு பேசலாம்.

ஒருவரே முழுப் பங்கையும் தருவதாகச் சொன்னார், அவருக்கு நன்றி. எனினும் வீட்டுக்கு வீடு சிறு தொகையாகச் சேர்வதையே நாம் விரும்புகிறோம். அவ்வாறு சேர்ந்தால், தண்ணீர்க் குழாய் உடைந்த அன்று கேட்க நூறு பேர் இருப்பார்கள்.

மண்டப வாயிலில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் பணம் தருவோர்க்கு. மறுபக்கம் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் உழைக்க வருவோர்க்கு. சாப்பாட்டுக்குப் போகுமுன் பெயரை எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.