கொல்லைப்புறத்துப் பத்மினி

(பட்டிமன்றத் தலைப்பு: கைவேலைப் பொழுதுபோக்கு குடும்பத்துக்குச் சுமையா? சுகமா? ‘சுகமே’ என்ற அணியில் பேசியது.)

அன்பு நிறைந்த நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பொரிந்து தள்ளிவிட்டு இப்போது ஒன்றும் தெரியாதவர் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணிப் பேராசிரியை அம்மா அவர்களே, வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருந்து திரண்டு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று இந்த வேலூரைக் கேலியாகச் சொல்வார்கள். அம்மா இன்றைக்கு அந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். பயனில்லாத வேலை! “ஆம்பூர்ல ஒருத்தர் சினிமாவுல வந்த காரைப் பார்த்து வீட்டுலயே சின்னதா ஒரு கார் செஞ்சாராம். அந்தக் காசுக்கு ரெண்டு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாமே!” என்று கேட்டார்கள். தாய்மார்கள் பக்கம் ஒரே கைதட்டல். அதில் என் வீட்டுக்காரியும் கைதட்டினாள் ஐயா, நான் பார்த்தேன். ‘வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்’ என்று சொல்ல எனக்குத்தான் தைரியம் இல்லை. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அந்த ஆம்பூர்க்காரரை எனக்குத் தெரியும். அம்மா பாதிக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இது பைத்தியக்காரர்கள் வேலை என்றார்களே, அந்தப் பைத்தியக்காரர்கள் யார் யார் என்று பார்த்துவிடுவோம்.

முதல் பைத்தியம், கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். அது மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசை. ஓட்டலில் வேலை பார்த்து, காசு சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஓட்டினாரா? இல்லை. கழற்றினார்! ஒவ்வொரு திருகாகக் கழற்றி, மறுபடி மாட்டினார். அன்றைக்கு அவர் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள், “முந்நூறு ரூபாய் வண்டியை இப்படிப் பிரிச்சுப் போட்டுட்டானே” என்று. அந்தக் கைதான் பிற்பாடு பஸ் கம்பெனி நடத்தியது, மின்சார மோட்டார் செய்தது. 1952-இல் இரண்டு பேர் உட்காரும் காரை 2,000 ரூபாய் விலைக்குக் கொடுக்கலாம் என்று செய்து காட்டியது. உரிமம் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

அதே கோயம்புத்தூரில்தான் ஐயா, 2024-இல் வெளிவந்த ‘கல்கி 2898 ஏடி’ படத்தின் ‘புஜ்ஜி’ என்கிற வண்டி உருவானது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒரே ஒரு சக்கரம், எடை ஏறக்குறைய 6 டன். மகிந்திரா பொறியாளர்களும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து செய்தார்கள். ஹாலிவுட்டில்தான் இதெல்லாம் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நம்ம ஊர்ப் பட்டறையில் முடிந்தது.

“அது கம்பெனி, கோடிக்கணக்கில் பணம் இருக்கும். வீட்டில் செய்கிறவன் கதி என்ன?” என்று அம்மா கேட்பார்கள். ஹைதராபாத்துக்குப் போங்கள். சுதாகர் யாதவ் என்ற மனிதர் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழைய இரும்பை வைத்து வண்டி செய்தவர். கத்தரிக்காய் மாதிரி கார், கிரிக்கெட் மட்டை மாதிரி கார். ஆம்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும், குதிகால் உயர்ந்த செருப்பு மாதிரிகூட ஒரு கார்! நாம் கால் போகிற இடத்துக்குச் செருப்பு செய்கிறோம், அவர் செருப்பையே போகவைத்துவிட்டார். (கைதட்டல்) 2010-இல் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்.

சரி, சினிமா வண்டிக்கே வருகிறேன். 1990-இல் மோகன்லால் நடித்து ‘ஏய் ஆட்டோ’ என்று ஒரு மலையாளப் படம். அதில் வரும் ஆட்டோவின் பெயர் ‘சுந்தரி’. கேரளத்தில் இடுக்கிப் பக்கம் ஒரு தகப்பனார் தன் பிள்ளைகளுக்காக அதே மாதிரி குட்டி ஆட்டோ ஒன்றை வீட்டிலேயே செய்தார். பேட்டரியில் ஓடும், பிள்ளைகளே உட்கார்ந்து ஓட்டலாம், பெயரும் ‘சுந்தரி’யே. 2019-இல் அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. கடையில் போய் ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஒரு வாரம் விளையாடியிருப்பார்கள். இது அப்பா செய்த வண்டி. அறுபது வயதானாலும் மறக்குமா?

எதிரணி சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கடன் வாங்கிச் செய்தால் சுமைதான். வீட்டில் செய்ததை ரோட்டில் ஓட்டுவேன் என்று கிளம்பினால் அதைவிடச் சுமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த வண்டியையே நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துக் கொல்லர் ஒருவர் பழைய இரும்பில், உதைத்துக் கிளப்புகிற மாதிரி ஒரு குட்டி ஜீப் செய்தார். ஆனந்த் மகிந்திரா அதைப் பார்த்துவிட்டு, “இது சட்டப்படி ரோட்டில் ஓடாது, என்னிடம் கொடுத்துவிடுங்கள்” என்று, அதற்குப் பதிலாக 2022-இல் ஒரு புது பொலேரோவைக் கொடுத்தார். எல்லோருக்கும் பொலேரோ கிடைக்காது ஐயா, ஃபைன்தான் கிடைக்கும்! (சிரிப்பு) ஆகவே வண்டி வாசற்படிக்கு உள்ளேயே இருக்கட்டும்.

இப்போது ஆம்பூர்.

அந்த மனிதர் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். அவர் மகன் பாலிடெக்னிக்கில் ஐந்து பாடம் அரியர் வைத்துவிட்டு, படிப்பையும் விட்டுவிட்டு, செல்போனும் கையுமாக வீட்டில் கிடந்தான். அப்பா ஒரு வார்த்தை கேட்டார், பிள்ளை இரண்டு வார்த்தை பேசினான். அதோடு சரி. எட்டு மாதம் பேச்சு இல்லை. அம்மாதான் நடுவில் தபால்காரர். “அப்பா சாப்பிட வரச் சொல்றாரு.” “பசிக்கலைன்னு சொல்லு.” இது நடக்கிற வீடுகள் இந்த மண்டபத்தில் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ‘பண்ணையாரும் பத்மினியும்’ படம் போட்டார்கள். 2014-இல் வந்த படம். ஒரு பழைய பிரீமியர் பத்மினி காரும் அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிற மனிதர்களும்தான் கதை. பையன் தன்னை மறந்து சொன்னான்: “இதே மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சா, அக்கா பையன் உட்கார்ந்து ஓட்டுவான்ல?” யாரிடமும் சொல்லவில்லை, டிவியிடம் சொன்னான். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு கட்டு அட்டையோடு வந்தார்.

நான் போய்ப் பார்த்தபோது கேட்டேன், “அட்டை எதுக்குங்க?” அவர் சொன்னார்: “தோல் தட்டையா இருக்கும் சார், கால் தட்டையா இல்ல. தட்டையா இருக்கறதை வளைவுக்கு எப்படி வெட்டறதுன்னு அட்டையிலதான் முதல்ல பார்ப்போம். தகரமும் தட்டைதானே?” ஐயா, நான் முனைவர் பட்டம் வாங்கியவன். எனக்கு இது தோன்றவில்லை.

அசல் பத்மினி ஏறக்குறைய 13 அடி நீளம். இவர்கள் மூன்றில் ஒரு பங்கு, நாலேகால் அடி என்று வைத்துக்கொண்டார்கள். சதுரக் குழாயில் சட்டம். அதன் மேல் தகரம். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, 24 வோல்ட் மோட்டார், சைக்கிள் செயின். மின்சார வேலை மகனுடையது, வெட்டுகிற வேலை அப்பாவுடையது. முதல் பானெட் கோணிக்கொண்டு போனது. “தோலை இழுத்தா வரும் சார், தகரம் வராது.” அப்புறம், வளைவில் தோலை மடிக்கும்போது ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுப்பார்களே, அதையே தகரத்திலும் கொடுத்துப் பார்த்தார். மடங்கியது. சீட்டுக்குத் தோல் கேட்கவே வேண்டாம். கிலோக் கணக்கில் வாங்கிய துண்டுத் தோல்.

அந்த வீட்டு அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். “சீட்டுப் பணத்துல கை வெச்சா, காரோட சேர்த்து உங்க ரெண்டு பேரையும் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்.” ஆகவே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்தினார். ஆம்பூரில் பிரியாணியை விட்ட மனிதரை அன்றைக்குத்தான் ஐயா நான் பார்த்தேன்! (பலத்த சிரிப்பு)

பதினோரு மாதம் ஆனது. நடுவில் ஒரு ராத்திரி, தகரத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கும்போது பையன் கேட்டானாம்: “அப்பா, கம்பெனியில நீங்க என்ன வேலைதான் செய்றீங்க?” பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறான். அப்பா சொன்ன பதிலை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். “இருபத்திரண்டு வருஷமா வெட்டறேன்டா. ஓரம் சீவறவன் வேற, தைக்கிறவன் வேற, கட்டையில ஏத்தறவன் வேற, சோல் ஒட்டறவன் வேற. ஒரு ஷூவை முழுசா நான் செஞ்சதே இல்ல. இந்தக் கார்தான் நான் முழுசா செய்யற முதல் பொருள்.”

எதிரணி அம்மா அவர்களே, இதைத்தான் நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள். நாள் முழுக்க ஊரார் காலுக்கு ஒரு துண்டு வெட்டுகிற கைக்கு, ஒரு பொருளையாவது முழுசாகச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? இரண்டு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாம். விலை ஏறியிருக்கும். பீரோவுக்குள் இருந்திருக்கும். அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் இருந்திருப்பார்கள்.

பையன் இரண்டு அரியரை முடித்துவிட்டான். மூன்று இருக்கிறது. மந்திரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் இன்றைக்கு அந்த வீட்டில் தபால்காரர் வேலை காலி. (கைதட்டல்)

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. முப்பது வருஷமாக மேடை மேடையாகக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறேன். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். போன் செய்தால், “மாத்திரை போட்டீங்களாப்பா?” “போட்டேன்.” “அம்மாகிட்ட குடுங்க.” அவ்வளவுதான். குற்றம் அவனுடையது அல்ல. அவன் சின்னப் பிள்ளையாகப் பட்டம் கட்டச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் நான் ஏதோ ஓர் ஊரில் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நாங்கள் சேர்ந்து செய்த பொருள் என்று காட்ட எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டிகூட இல்லை.

ஆம்பூரில் அந்தக் காரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நானும் ஒரு கட்டு அட்டை வாங்கினேன். அவன் லீவுக்கு வரும்வரை பரண்மேல் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அந்த அட்டைக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? சற்று முன்பு எதிரணிக்குக் கைதட்டினாளே, அவள்தான்!

கைவேலை சுகமே, சுகமே!