கிளினிக் திகதி பேஸ்புக்கில், நாமோ மலையில்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கதை பேச வந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இதுவும் சம்பளக் கதைதான்.

சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் கிளினிக் போகிறவர்கள் நமது ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். கிளினிக் போனால் அன்றைக்குப் பெயர் கிடையாது. இரத்தம் சோதிக்க வேண்டுமென்று வெறும் வயிற்றோடு விடியற்காலை பஸ் ஏறி, கொப்பியோடு போய் வரிசையில் நின்றால், “இன்றைக்கு கிளினிக் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள்” என்கிறார்கள். யாருக்கு அறிவித்தீர்கள் என்று கேட்டால், “பேஸ்புக்கில் போட்டிருக்கிறோமே” என்று பதில் வருகிறது. தேடிப் பார்த்தோம். போட்டிருந்தது உண்மைதான். முதல் நாள் இரவு, சிங்களத்தில் மட்டும்.

போன பஸ் காசும், இழந்த நாள் பெயரும், அடுத்த கிழமை மறுபடியும் இழக்கப்போகும் பெயரும் யார் கணக்கில்?

ஆஸ்பத்திரிகள் பேஸ்புக்கைக் கைவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கொரோனாக் காலத்தில் சுகாதார அமைச்சின் சுகாதார மேம்பாட்டுப் பணியகம் தமிழிலும் செய்திகளைப் பதிவிட்டது. ஊரடங்கில் லயத்துக்குள் இருந்த நமது பிள்ளைகள் அதை வாசித்துப் பெரியவர்களுக்குச் சொன்னார்கள். ஆக, மனம் வைத்தால் முடியும். ஆனால் கொழுந்து பறிக்கும் தாயின் கையில் இருப்பது பல வீடுகளில் பட்டன் போன்தான். மகனிடம் பெரிய போன் இருந்தாலும் அவன் கொழும்பில் கடையில் நிற்கிறான். டேட்டா இருந்தாலும் சில டிவிசன்களில் சிக்னல் இல்லை. முன்பு செய்தி என்றால் தப்படித்துச் சொன்னார்கள், பிரட்டுக்களத்தில் சொன்னார்கள். அதில் ஆயிரம் அதிகாரம் இருந்தது, அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் செய்தி எல்லாக் காதுக்கும் போனது.

நம்பத்தகுந்த செய்தி நமது மொழியில் வராத இடத்தில் வேறு செய்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று தொலைக்காட்சியிலும் போனிலும் பரவியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் முண்டியடித்தார்கள். அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய அன்றைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. படித்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள், ஆகவே தோட்டத்து ஆட்களின் அறியாமை என்று யாரும் சொல்ல வேண்டாம். இன்றும் “சீனி மாத்திரையை நிறுத்துங்கள், இந்த இலையைக் குடியுங்கள்” என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது. நல்ல தமிழில் வருகிறது, அதுதான் சங்கடம். பேசுகிறவர் பெயர் என்ன, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லாத குரலைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் டாக்டரிடமோ தோட்டத்து மருத்துவ உதவியாளரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒன்று. வாட்டில் படுத்திருப்பவரின் படத்தை டிக்டொக்கில் போடாதீர்கள். அவருக்கும் மானம் உண்டு.

சட்டம் நமது பக்கம் இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் அதை மேலும் விரித்தது. 1991ஆம் ஆண்டின் சட்டப்படி அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே முறையிடலாம். சுவரில் ஒட்டும் அறிவித்தலுக்கு ஒரு சட்டம், பேஸ்புக்கில் போடும் அறிவித்தலுக்கு இன்னொரு சட்டமா?

நாம் கேட்பது பெரிதல்ல. பேஸ்புக்கில் போடுவதை அதே நேரத்தில் தமிழிலும் போட வேண்டும். கிளினிக் மாறினால் கொப்பியில் உள்ள நம்பருக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும், அல்லது தோட்டத்து மருந்தகத்துக்கு முதல் நாள் பகலிலேயே ஒரு அழைப்பு வர வேண்டும். அங்கிருந்து பிரட்டுக்களத்துக்குச் செய்தி கொண்டுவருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 1990 அம்புலன்சுக்கு பேஸ்புக்கா தேவைப்படுகிறது? பட்டன் போனில் நாலு இலக்கம் அழுத்தினால் போதும்.

இந்த மாதத்துக்குள் ஒவ்வொரு தலைவியும் தனது டிவிசனில், கிளினிக் போய்த் திரும்பி வந்தவர்களின் திகதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். வருத்தத்தின் பெயர் வேண்டாம். அந்தத் தாள்களோடுதான் மாகாண சுகாதாரப் பணிப்பாளரைச் சந்திக்கப் போகிறோம்.