தொடக்கப் பள்ளியில் கருவியும் தாய்மொழியும்

(ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்ந்த சொற்பொழிவு)



தொடக்கப் பள்ளிக் குழந்தையின் முன் இன்று ஒரு தொடுதிரை இருக்கின்றது. விரல் பட்டவுடன் படம் அசைகின்றது, பாட்டு ஒலிக்கின்றது. குழந்தையின் கண் அதை விட்டு அகல மறுக்கின்றது. இதைக் கண்டு மகிழ்வோர் உளர், அஞ்சுவோரும் உளர். மகிழ்வதற்கும் அஞ்சுவதற்கும் முன்னே கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. அத்திரை எந்த மொழியில் பேசுகின்றது? அதில் குழந்தை எழுதுகின்றதா, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கின்றதா? இவற்றின் விடையைப் பொறுத்தே அது கல்விக் கருவியா, பொழுதுபோக்குப் பொறியா என்பது முடிவாகும்.

கற்பிக்கும் கருவி தமிழனுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் பரப்பிய மணலே அவன் குழந்தைக்கு அமைந்த முதல் எழுதுபலகை. குழந்தை விரலால் எழுத்தை வரைந்தது. வரையும்போதே வாயால் ஒலித்தது. தன் ஒலியைத் தன் செவியாலேயே கேட்டது. பிழை நேர்ந்தால் ஒரு கைவீச்சில் அழித்து மீண்டும் எழுதியது. கை, கண், வாய், செவி நான்கும் ஒருங்கே உழைத்தன. அதற்கு விலை இல்லை. பிழைக்கு அச்சமும் இல்லை.

இதன் அருமையைக் கண்டுகொண்டவர் அயலார் ஒருவர். ஆண்டுரூ பெல் என்னும் இசுக்காத்துலாந்துக்காரர் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், பெற்றோரை இழந்த படைவீரர் பிள்ளைகளுக்கான இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஊர்ப் பள்ளியொன்றில் தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்த முனைந்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. பெல் பின்வாங்கவில்லை, எட்டு அகவைச் சிறுவன் ஒருவனையே இளையோர்க்கு மணலில் எழுத்துக் கற்பிக்க அமர்த்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் அம்முறையைக் குறித்து 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூல் வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயராலேயே இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று.

இதில் தமிழர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பெல் தமிழரிடமிருந்து மணலை எடுத்துக்கொண்டார்; தம் மொழியை விட்டுவிடவில்லை. தமிழ் மண்ணில் கண்ட கருவியைக்கொண்டு ஆங்கில எழுத்தைக் கற்பித்தார். கருவியைக் கொண்டார், மொழியைக் காத்தார். இன்றைய தமிழனோ அயலார் செய்த கருவியை வாங்கும்போது அதனோடு அயல்மொழியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றான். கணினி என்றாலே ஆங்கிலம் என்றும், ஆங்கிலம் என்றாலே அறிவு என்றும் எண்ணுகின்றான். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

குழந்தைக்குத் தாய்மொழியே சிறந்த பயிற்றுமொழி என்று ஒன்றிய நாடுகளின் கல்வி அமைப்பாகிய யுனெசுக்கோ 1953ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் ‘இயன்றவரை’ தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்கின்றது. அந்த ‘இயன்றவரை’ என்னும் சொல்லே வேலியில் விடப்பட்ட பெரும் வழி! தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ‘மணற்கேணி’ என்னும் கல்விச் செயலியை வெளியிட்டது. 2024ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் பணி நடைபெற்றது. திருக்குறளின் கல்வி அதிகாரத்துச் சொல்லைச் செயலிக்குப் பெயராக இட்டது போற்றத்தக்கது. ஆனால் பெயர் தமிழாக இருந்தால் மட்டும் போதாது. அவ்வகுப்பறைத் திரையில் ஒலிக்கும் மொழியும் தமிழாதல் வேண்டும்.

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் கல்வி தானே வளரும் என்று எண்ணுவோர் பெரு நாட்டை நோக்குக. அந்நாடு பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டு இலக்கத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கியது. சிற்றூர்களின் 319 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிள்ளைகள் கணினியைக் கையாளக் கற்றிருந்தனர். பொது அறிதிறனில் சிறிது முன்னேற்றமும் தென்பட்டது. ஆனால் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் அவர்கள் முன்னேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஏர் வாங்கியவன் எல்லாம் உழவன் ஆகிவிடுவதில்லை. கற்பிக்கும் முறையும் ஆசிரியரின் உழைப்பும் சேராத இடத்தில் கணினி வெறும் பெட்டியே.

அவ்வாறாயின் திரையைத் தமிழ்க் குழந்தைக்கு மணலைப் போல் பயன்படச் செய்வது எவ்வாறு?

முதலாவது, குழந்தை தமிழைத் தமிழெழுத்தாலேயே தட்டெழுதப் பழகுதல் வேண்டும். இன்று பலர் ஆங்கில எழுத்துகளை அழுத்தியே ‘அம்மா’ என்னும் சொல்லைத் திரையில் கொண்டுவருகின்றனர். இதைவிடக் கொடுமை வேறென்ன? ஆங்கிலத்தில் லகரத்துக்கு ஓரெழுத்தே உண்டு; அந்த ஓரெழுத்தைச் சுற்றியே ல, ள, ழ மூன்றையும் குழந்தை தேடுகின்றது. ந, ன, ண மூன்றுக்கும் அதே நிலை. தாயைத் தன் சொந்த எழுத்தால் அழைக்க இயலாத பிள்ளை நாளடைவில் தன் எழுத்தையே தேவையற்றதென எண்ணிவிடாதா?

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கம். மெய்யெழுத்துகளுக்குரிய விசைகள் வலப்பக்கம். ககர விசையை அழுத்தி ஆகார விசையை அழுத்தினால் ‘கா’ பிறக்கும். ககரத்தை இருமுறை அழுத்தினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே அமையும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் இலக்கணத்தைக் குழந்தை விரலாலேயே உணரும். 247 எழுத்துகளுக்கும் 31 விசைகள் போதும். இத்தகைய கருவி கையிலிருந்தும் அதைத் தொடக்கப் பள்ளியில் பழக்காமல் விடுவது பெரும்பிழை.

இரண்டாவது, குழந்தை பார்ப்போனாக மட்டும் இராமல் படைப்போனாகவும் வளர்தல் வேண்டும். கடற்கரைப் பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர் மீன்களைப் படமெடுத்துப் பெயர் எழுதட்டும். உழவர் பிள்ளைகள் களை, பயிர், பறவை இவற்றின் பெயர்களைத் தம் குரலிலேயே பதியட்டும். பாட்டி சொல்லும் கதையை ஒலியாகப் பதிந்து எழுத்தாக்கட்டும். அகரமுதலிகளில் ஏறாத எத்தனையோ நல்ல தமிழ்ச் சொற்கள் முதியோர் நாவிலேயே தங்கி அவர்களோடே மறைகின்றன. அவற்றைக் காக்கும் பணியில் ஏழு அகவைக் குழந்தையும் பங்குகொள்ள இயலும்.

மூன்றாவது, மூத்த மாணவர் இளையோர்க்கு இவற்றைக் கற்பிக்கட்டும். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையில் இருந்த தண்டனையை விலக்கி, அதன் தோழமையை மட்டும் கொள்க. ஓராசிரியர் பல வகுப்புகளைச் சுமக்கும் பள்ளிகளில் இது பெருந்துணையாகும்.

நான்காவது, திரைக்கு அளவு வேண்டும். சுவீடன் நாடே 2023ஆம் ஆண்டில் அச்சிட்ட பொத்தகத்துக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் மீண்டும் முதலிடம் தர முனைந்தது. மண்ணில் எழுதிய விரல் தாளில் எழுதட்டும்; தாளில் எழுதிய விரல் திரையில் எழுதட்டும். இவ்வரிசை மாறுதல் கூடாது.

ஆசிரியப் பெருமக்களே! அரசாணை வரும்வரை காத்திருத்தல் வேண்டா. பள்ளிக்கு வந்துள்ள கணினியில் தமிழ் 99 விசைப்பலகையை இயக்குவதற்கு ஒருவர் இசைவும் வேண்டியதில்லை. வரும் திங்களுக்குள் உங்கள் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் பெயரையும், தன் ஊர்ப் பெயரையும், தன் தாயின் பெயரையும் தமிழ் விசைகளால் எழுதிக் காட்டட்டும். பெற்றோரே! அவ்வெழுத்தை வீட்டில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தமிழனின் மணலைக்கொண்டு அயலார் தம் மொழியை வளர்த்தனர். அயலாரின் திரையைக்கொண்டு தமிழன் தன் மொழியை வளர்த்தல் ஆகாதா?

வாழ்க தமிழ்!