ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிடிவ் என்றாலே முடக்குவாதமா?

(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூட்டுவலிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, சீட்டில் "ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிடிவ்" என்று வந்துவிட்டால் நாம் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறோம். அந்தச் சீட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இன்று பார்ப்போம்.

கிருமி உள்ளே வந்தால், அதைப் பிடிக்க நம் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. காசநோய், தொழுநோய், மலேரியா போன்றவை நாள்பட்டுத் தங்கினால், கிருமியின் துணுக்கும் எதிர்ப்பொருளும் ஒட்டிய திரள்கள் ரத்தத்தில் சேரும். அப்போது அந்த எதிர்ப்பொருளையே பற்றிக்கொள்ளும் இன்னொரு எதிர்ப்பொருளும் உண்டாகலாம். அதன் பெயர்தான் ஆர்.ஏ. ஃபேக்டர். முடக்குவாதத்திலும் அது இருக்கும். எந்த நோயும் இல்லாத முதியவர் சிலரிடமும் இருக்கும். முடக்குவாதம் உள்ள சிலருக்கோ நெகடிவ் என்றே வரும். 'ஆன்டி சி.சி.பி.' என்ற பரிசோதனை இதைவிட நம்பகமானது. ஆனாலும் காசநோயாளிகள் சிலருக்கு அதுவும் பாசிடிவ் காட்டும்.

காய்ச்சலும் மூட்டைப் பிடிக்கும். 2006-இல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவியதை மறந்திருக்க மாட்டோம். காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்தது.

இதில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. உள்ளே காசநோய் மறைந்திருக்க, வலி தீரட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கினால் காசநோய் தலைதூக்கும். உண்மையான முடக்குவாதத்தை வேலை அலுப்பு என்று விட்டுவிட்டால் விரல்கள் கோணிப்போகும்.

ஜீப் ஏறிப் போடிமெட்டு, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் நம் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். வேலையால் வரும் வலி பெரும்பாலும் ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதமோ தூங்கி எழுந்ததும்தான் அதிகம். பஜ்ருக்கு ஒளு செய்யும்போது விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கியுள்ளன, விறைப்பு விட ஒரு மணி நேரமாகிறது, இப்படியே ஆறு வாரம் ஆகிறது என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பார்க்கும்போது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், உணர்ச்சியற்ற தேமல், சமீபத்தில் வந்த காய்ச்சல், வீட்டில் யாருக்காவது காசநோய் வந்தது எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மேல்சிகிச்சைக்குக் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

சீட்டை மட்டும் வைத்துக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். சீட்டோடு உங்கள் கையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.